கை உள்ளவனுக்குக் கணக்கு எதற்கு?

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகனிடம் போன மாதம் பள்ளியில் ஒரு அட்டையைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு பக்கம் அவன் டிக் போட்ட கேள்விகள்; மறுபக்கம் தீர்ப்பு: ‘உடலியக்க அறிவு’. விசாரிக்கப் போனேன். “உங்க பையன் கைவேலை டைப் சார். கணக்குல ரொம்ப வற்புறுத்தாதீங்க” என்றார் ஆசிரியை. பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவோடுதான் என் சண்டை.

இந்தச் சித்தாந்தத்தின் மூலவர் ஹோவர்ட் கார்ட்னர். அறிவு என்பது ஒற்றை எண்ணில் அடங்கும் சரக்கல்ல என்று ‘ஃப்ரேம்ஸ் ஆஃப் மைண்ட்’ (1983) நூலில் வாதிட்டார். மொழி, தர்க்கமும் கணிதமும், இசை, இடவெளி, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என்று ஏழு வகை பிரித்தார். இந்தப் பிரிவினைக்குப் போதிய சோதனை ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் பலர் சொல்கிறார்கள். அந்த வழக்கு இருக்கட்டும். அறிவு பலவிதம் என்பதைப் பத்து வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. கள்ள நோட்டைக் கண்ணுக்கு முன் விரல் கண்டுகொள்கிறது. செலானில் கைநாட்டு வைக்கும் கிழவி, நகைக்கடன் வட்டியை நான் கால்குலேட்டரைத் தொடுமுன் சொல்லிவிடுகிறாள்.

ஆனால் அந்தக் கிழவிக்கு எழுத்து வராமல் போனது மொழி அறிவு குறைந்ததால் அல்ல. யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைத்தான் அட்டை அழிக்கிறது. கற்றுத்தராததன் விளைவைப் பிறவிக் குணம் என்று பதிவு செய்துவிடுகிறது.

கார்ட்னர் இந்த அட்டையைக் கேட்கவில்லை. ஒரே விஷயத்தைப் பல வழிகளில் அணுகச் செய்யுங்கள் என்பதுதான் அவர் ஆசிரியர்களுக்குச் சொன்னது. தம் கொள்கையைக் ‘கற்றல் பாணி’யோடு குழப்பாதீர்கள் என்று 2013இல் எழுதவும் செய்தார். மாணவனின் பாணியைக் கண்டுபிடித்து அதற்கேற்பப் போதித்தால் அதிகம் கற்கிறான் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008இலேயே எழுதிவிட்டார்கள். அட்டை விற்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

நம் சூழலில் இது வெறும் அபத்தமாக நின்றுவிடாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அன்று பிறப்பைக் கேட்டுச் சொன்னதை இன்று கேள்வித்தாளைத் திருத்திச் சொல்கிறார்கள். ‘கைவேலை டைப்’ என்ற முத்திரை எந்தத் தெருப் பிள்ளைகள் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாதா? நான் அட்டையைக் கிழித்துப் போடலாம். என்னிடம் மாதச் சம்பளமும் ஒரு இங்கிலீஷ் பி.ஏ.யும் இருக்கின்றன. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அதை வாத்தியார் வாக்கு என்று வீட்டுக்கு எடுத்துப் போவார்.

அப்படியானால் வகுப்பறை மாறவேண்டாமா? கட்டாயம் மாறவேண்டும். பின்னம் நடத்துகிறீர்களா? காகிதத்தை மடிக்கச் சொல்லுங்கள். ஆதிதாளம் போடச் சொல்லுங்கள்: எட்டு எண்ணிக்கையில் லகு பாதி, ஒவ்வொரு திருதமும் கால். நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றச் சொல்லுங்கள். பிறகு கரும்பலகையில் எழுதுங்கள். ஆனால் இந்த நான்கும் வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் வேண்டும். தாளம் வருகிறவனைத் தாளத்தோடு நிறுத்திவிட்டால், அவனுக்கு நீங்கள் பின்னம் சொல்லித்தரவில்லை, பொழுதுபோக்கு தந்திருக்கிறீர்கள். வழிகள் பாடத்துக்கு உரியவை. பிள்ளையின் நெற்றியில் எழுதவேண்டியவை அல்ல.

என் மகனுக்குக் கை நன்றாக வேலை செய்கிறது. சந்தோஷம். அது அவனுக்குக் கணக்குச் சொல்லித்தர இன்னொரு வழி. சொல்லித்தராமல் இருப்பதற்குச் சாக்கு அல்ல.