வாழாவெட்டிக்கு ஆண்பால் என்ன?

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த சொல் ஒன்று: வாழாவெட்டி. புருசனைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர். பிரிந்தது இரண்டு பேர், பெயர் கிடைத்தது ஒருத்திக்கு. அந்த ஆம்பிளையைக் குறிக்க ஒரு சொல் தேடிப் பாருங்கோ. கிடைக்காது. அவருக்கு இருக்கிறதெல்லாம் 'பாவம், தனியச் சமைச்சுச் சாப்பிடுறார்' என்ற அனுதாபம்தான்.

இந்தச் சொல்லைச் சைவ வீடுகளும் பாவிக்கின்றன, கிறிஸ்தவ வீடுகளும் பாவிக்கின்றன. ஆனால் கிறிஸ்தவர்களான எங்களிடம் மேலதிகமாக ஒன்று இருக்கு. ஊர் வாயால் சொல்லுகிற தீர்ப்பை நாங்கள் வேதவசனத்தை வைத்துச் சொல்லுகிறோம். ஊர்வாயை ஒருத்தி எதிர்த்துக் கதைக்கலாம், வசனத்தை எதிர்த்துக் கதைத்தால் அவள் விசுவாசமே இல்லாதவள் ஆகிவிடுகிறாள். எங்களுக்கு இந்த இடத்தில்தான் பிரச்சினை.

இதை எழுதுகிற எங்களில் கத்தோலிக்கர் இருக்கினம், தென்னிந்தியத் திருச்சபைக்காரர் இருக்கினம், கோயிலுக்குப் போறதை விட்டவர்களும் இருக்கினம். சபைகள் வேறு வேறு, ஆனால் பார்த்து வளர்ந்த காட்சி ஒன்றுதான். பிரிந்து வந்த அக்காவின் பெயர் வாசகம் வாசிக்கிறவர்களின் பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். மறைக்கல்வி படிப்பித்தவவிடம் 'கொஞ்சநாள் ஓய்வெடுங்கோ' என்பார்கள். பூசை முடிந்து வெளியே நிற்கிற சனம் அவ வந்ததும் கதையை மாற்றும். யாரும் அவவை வெளியே போகச் சொல்லவில்லை. அவவாகவே பின் வாங்குக்குப் போய், பிறகு வாறதையே நிப்பாட்டுவா. பிறகு அதே சனம் 'அவ இப்ப கோயிலுக்கும் வாறேல்லை' என்று சொல்லும்.

இதற்குத் திருச்சபையின் சட்டம் காரணம் என்று பலரும் நினைக்கினம். அந்தச் சட்டத்தைத் திறந்து பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆவது சட்டம், துணைவரின் உடலுக்கோ மனதுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கிறவரை விட்டுப் பிரிய மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு என்று சொல்லுது. தாமதித்தால் ஆபத்து என்றால் யாரிடமும் அனுமதி கேட்காமலே போகலாம். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2383ஆவது பத்தி, சட்ட உரிமைகளையும் பிள்ளைகளையும் சொத்தையும் பாதுகாக்க சிவில் விவாகரத்து மட்டுமே வழி என்றால் அது குற்றமாகாது என்கிறது. விவாகரத்துப் பெற்று மறுமணம் செய்யாமல் இருக்கிறவருக்கு, அந்த விவாகரத்தைக் காரணம் காட்டி நற்கருணையை மறுக்கச் சட்டம் இல்லை. மறுமணம் செய்தவர்கள்கூடத் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் அல்லர் என்று 2015 ஆகஸ்டில் பாப்பரசர் பிரான்சிஸ் பகிரங்கமாகச் சொன்னார்.

இதில் ஒன்றையாவது நீங்கள் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேட்டதில்லை. திருமணம் பிரிக்க முடியாதது என்ற பாதி வருசத்துக்குப் பத்துத் தரம் வரும். அடிக்கிறவனை விட்டுப் போகலாம் என்ற பாதி வராது. புரட்டஸ்தாந்து சபைகள் திருமணத்தை அருட்சாதனங்களில் ஒன்றாக எண்ணுவதே இல்லை. ஆனாலும் அந்தச் சபைகளின் முற்றத்திலும் கதை இதேதான். அப்படியென்றால் இந்தத் தீர்ப்பு எந்தச் சட்டத்தில் இருந்தும் வரவில்லை. எங்கட வாயில் இருந்துதான் வருது.

சரி, வேதாகமத்துக்கு வருவோம். மத்தேயு 19இல் இயேசுவிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன? ஒரு ஆண் எந்தக் காரணத்துக்கும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்பது. விலக்குச் சீட்டு எழுதுகிற அதிகாரம் அந்தச் சமூகத்தில் ஆணின் கையில் இருந்தது. தள்ளப்பட்டவள் தெருவுக்கு வந்தாள். இயேசுவின் கடுமையான பதில் அந்த அதிகாரத்தைப் பார்த்துச் சொன்னது. பெண்ணைத் தூக்கி எறியாதே என்று ஆணுக்குச் சொன்னதை, அடிவாங்கிக்கொண்டு இரு என்று பெண்ணுக்குச் சொன்னதாக மாற்றினது யார்? மலாக்கி 2:16ஐயும் இப்படித்தான் பாதியில் வெட்டுகிறோம். விலக்கை வெறுப்பதாகச் சொல்லுகிற அதே வசனம் வன்முறையையும் சேர்த்தே கண்டிக்குது. அது இளவயதில் கட்டின மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களைப் பார்த்துச் சொன்னது.

யோவான் 4இல் வாற சமாரியப் பெண்ணுக்கு ஐந்து புருசன்மார் இருந்தார்கள். பிரசங்கங்களில் அவ எப்போதும் 'நடத்தை சரியில்லாதவள்'. ஆனால் இயேசு அவவைப் பாவி என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை, தண்ணி கேட்டார். யோவான் 8இல் விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்டதாகக் கொண்டுவரப்பட்டதும் ஒரு பெண் மட்டும். ஆண் எங்கே? இரண்டாயிரம் வருசம் கழித்தும் எங்கட ஊரில் அந்த ஆணைக் காணேல்லை. தீர்ப்பிடாதே என்று மத்தேயு 7இல் சொன்னதை நாங்கள் மனப்பாடம் செய்து மறைக்கல்விப் போட்டியில் பரிசும் வாங்குகிறோம். வாங்கின கையோடு வெளியே வந்து தீர்ப்பிடுகிறோம்.

இதற்குள் நாட்டின் சட்டத்தையும் பார்க்கவேணும். யாழ்ப்பாணத்தில் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் பொருந்துவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: சோரம் போதல், கெட்ட நோக்கத்தோடு கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. கொடுமை தனிக் காரணம் இல்லை. இரண்டு பேரும் சம்மதித்தாலும் அது போதாது, ஒருவரைக் குற்றவாளி ஆக்கியே தீரவேணும். கண்டிச் சட்டத்தின் கீழ் பரஸ்பர சம்மதத்தோடு பிரியலாம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2001இல் அந்த உரிமை கிடைத்தது. எங்களுக்கு இல்லை.

அதோடு தேசவழமை. மதம் எதுவானாலும் தேசவழமைக்கு உட்பட்ட பெண், சீதனமாகக் கிடைத்த தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. அவன் விட்டிட்டுக் கனடாவுக்குப் போயிருந்தால் அவ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நிற்கவேணும். ஆகவே எங்கட ஊரில் பிரிவது யாருக்கும் சுகமான காரியம் இல்லை. நீதிமன்றம் குற்றவாளி யார் என்று கேட்டே ஆகும். கோயிலும் அதையே கேட்டால் அவ எங்கே போறது?

'இப்படியே கதைச்சால் குடும்பங்கள் உடையும், பிள்ளைகள் பாதிக்கப்படும்' என்று சொல்லுவினம். பிள்ளைகளுக்காகக் கவலைப்படுகிறவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்களின் நல்வாழ்வு ஆய்வு, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் அந்தத் துணையிடமே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லுது. ஐந்தில் ஒருவர். உங்கட கோயிலில் ஒரு வாங்கில் எத்தனை பெண்கள் இருக்கினம் என்று எண்ணிப் பாருங்கோ. அந்தக் குடும்பம் உடைந்தது முதல் அடி விழுந்த அன்றைக்கு. அவ பெட்டியைத் தூக்கினது அதற்குப் பிறகு. 'பொறுத்துப் போ பிள்ளை' என்று திருப்பி அனுப்புகிற ஆலோசனையால் எந்தப் பிள்ளையும் பாதுகாக்கப்படுறதில்லை. அந்தப் பிள்ளை அடுத்த அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருக்கு.

ஊர் என்ன சொல்லும் என்று பயந்திருந்தால் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் திறந்திருக்கேலாது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுகிற விசயம் அது. ஊரின் வழக்கத்துக்கு எதிராக நின்றதால் வந்த பெருமை. அதே கிறிஸ்தவம் இன்றைக்குச் சாதி பார்த்துப் பேசின கலியாணத்தையும் சீதனம் எண்ணிக் கொடுத்த கலியாணத்தையும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆசீர்வதிக்குது. கலியாணம் முறியும்போது மட்டும் அதற்கு வேதம் ஞாபகம் வருது.

நாங்கள் கேட்கிறது திருமணத்தை மலிவாக்கச் சொல்லி இல்லை. பிரிந்து வாற பெண்ணிடம் 'ஏன் வந்தாய்' என்பதற்கு முதல் 'பாதுகாப்பாய் இருக்கிறியா' என்று குருவானவரும் போதகரும் கேட்கவேணும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் என்பதைத் திருமண ஆயத்த வகுப்பிலேயே இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுக்கவேணும். 1153ஆவது சட்டத்தைப் பீடத்தில் நின்று சத்தமாக வாசிக்கவேணும்.

எங்கட வயதுக்காரருக்கும் வேலை இருக்கு. கன்ரீனில் இந்தக் கதை வரும்போது எழும்பிப் போகாமல், நிப்பாட்டச் சொல்லுங்கோ. வாசகப் பட்டியல் போடுவது பெரும்பாலும் இளைஞர் ஒன்றியம்தான், அந்த அக்காவின் பெயரைத் திரும்ப எழுதுங்கோ. யாராவது ஏன் என்று கேட்டால், அவவுக்கு வடிவாய் வாசிக்கத் தெரியும் என்று சொல்லுங்கோ.