இன்சுலின் மாத்திரை ஏன் இன்னும் வரவில்லை?

மலேசியாவில் இனிப்புநீர் நோய் இந்தியர்களிடையேதான் அதிகம். டாக்டர் இன்சுலின் ஊசி என்றதும், மாத்திரையே போதும் என்று தள்ளிப்போடுவோர் உண்டு. இன்சுலினே மாத்திரையாக வந்தால்?

இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் இறைச்சியைப் போல் செரித்துவிடும். அதைக் காக்க, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்ற பாலிமர்களில் பொதிந்து ஆய்வு செய்கிறார்கள். கைட்டோசான் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, செல்களுக்கிடையே சற்று வழியும் திறக்கும். ஆனாலும் இரத்தத்தில் சேர்வது சொற்பம்தான்.

வேறொரு முறையில் நோவோ நோர்டிஸ்க் தயாரித்த மாத்திரை, 2019இல் வெளியான சோதனை முடிவில் ஊசிக்கு ஈடாகவே சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் ஊசியைவிடப் பல மடங்கு இன்சுலின் தேவைப்பட்டது. கட்டுப்படியாகாது என்று நிறுவனம் அதைக் கைவிட்டது.

மாத்திரைக்காக ஊசியைத் தள்ளிப்போட்டால் கண்ணும் சிறுநீரகமும் பழுதாகலாம். பேனா ஊசி இப்போது 4 மில்லிமீட்டர் நீளத்திலும் கிடைக்கிறது.