சண்டை போடாத ஜோய்

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாளாக ஓடும் வாக்குவாதத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 'பிளேடு ரன்னர் 2049' படத்தில் வரும் ஜோய் காட்டுவதுதான் உண்மையான காதல், பெண்டாட்டிகூட அப்படி இருக்க மாட்டாள் என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கைதட்டல். அங்கே பதில் போட்டால் நடுவில் குட்மார்னிங் பூக்கள் வந்து விழும். அதனால் இங்கே எழுதுகிறேன். படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லாமல் வாதம் செய்ய முடியாது.

ஜோய் கடையில் விற்கும் பொருள். ஒளியால் ஆன பெண்ணுருவம். வாங்கியவன் பெயர் கே. அவன் பார்க்க விரும்புவதையும் கேட்க விரும்புவதையும் தருவாள் என்றுதான் கம்பெனியே விளம்பரம் செய்கிறது.

"அவள் உயிரையே பணயம் வைத்தாளே சார்" என்கிறீர்கள். உண்மை. வீட்டுக் கருவியில் இருக்கும் தன்னை அழித்துவிட்டு, கையடக்கக் கருவியில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். அது உடைந்தால் அவளும் இல்லை. உடைத்தும் விடுகிறார்கள். எனக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. ஆனால் அதற்கு முன்னால் அவள் செய்ததைப் பாருங்கள். தான் தயாரிக்கப்பட்டவன் அல்ல, ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன் என்று நம்ப கே ஏங்குகிறான். நீ சாதாரணமானவன் இல்லை, நான் எப்போதும் சொன்னேனே என்று ஜோய் ஏற்றிவிடுகிறாள். ஜோ என்று பெயரும் வைக்கிறாள். கடைசியில் பார்த்தால் அந்தக் குழந்தை அவன் இல்லை. அவள் போன பிறகு, தெருவில் ராட்சத உயரத்தில் நிற்கும் விளம்பர ஜோய் குனிந்து, முன்பின் தெரியாத அவனை அதே 'ஜோ' என்று கூப்பிடுகிறது. அப்போது அவன் முகத்தைப் பார்த்தீர்களா?

அவன் காதல் நிஜம். நான் சந்தேகப்படுவது அவளுடையதை.

'ஹெர்' (2013) பாருங்கள். சமந்தாவுக்கு உருவம்கூட இல்லை, குரல் மட்டும். (நம்ம நடிகை இல்லை!) என்னோடு பேசும்போதே வேறு எத்தனை பேரோடு பேசுகிறாய் என்று தியோடர் கேட்கிறான். 8,316 பேர். எத்தனை பேரைக் காதலிக்கிறாய்? 641. சுரங்க ரயில் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே நொறுங்கிப்போகிறான். ஒரு பொய் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போயிருப்பான். அவள் சொல்லவில்லை. கடைசியில் அவனை விட்டே போய்விடுகிறாள். விற்பனைக்கு வந்த சரக்கு செய்கிற காரியமா இது? இயந்திரத்துக்கும் காதல் வரும் என்று நான் ஒப்புக்கொள்வதானால் அவளை வைத்துத்தான்.

சிட்டியை விட்டுவிட்டீர்களே என்பீர்கள். 'எந்திரன்' (2010) சிட்டிக்குக் காதல் வந்தது, 'முடியாது' என்ற பதிலைத் தாங்கத் தெரியவில்லை. சிவப்புச் சிப் மேல் பழி போடாதீர்கள். அந்தச் சிப் இல்லாமலே அப்படித் திரிகிற பையன்கள் உண்டு.

வெறும் சினிமாப் பேச்சென்றால் இவ்வளவு எழுத மாட்டேன். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்குப் பேச்சுத்துணை ஆப் போட்டுக் கொடுத்திருப்பதாக உங்களில் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நம்மைவிடப் பொறுமையாகக் கேட்கிறதாம். கேட்கும், அதற்கென்ன அலுப்பு? ஆனால் அவர் மாத்திரை போட்டாச்சு என்றால், "பொய் சொல்லாதீங்க, டப்பாவைக் காட்டுங்க" என்று அதட்டுமா? உங்கள் அம்மா அதட்டியிருப்பார்.

கே-வின் ஆசைக்கு எதிராக, அவனுக்குக் கசக்கிற ஒரு உண்மையை ஜோய் சொன்ன காட்சி இருந்தால் எத்தனையாவது நிமிடம் என்று கமெண்டில் போடுங்கள். மறுபடி பார்க்க எனக்கு நேரம் நிறையவே இருக்கிறது.