கண்ணாடி வீட்டில் ஒண்டுக் குடித்தனம்

என் அண்ணா பிள்ளைக்கு வயது ஏழு. பிறந்த நாளுக்கு என்னடா வேண்டும் என்று கேட்டதற்கு, "மீன் தொட்டி" என்றான். அண்ணாவும் தாராளமாக இரண்டடி நீளத்தில் ஒரு தொட்டி வாங்கி, அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே பத்து மீன்களையும் விட்டுவிட்டார். பத்து என்றால் ஐந்து ஜோடி. நீல விளக்குப் போட்டாற்போல் மின்னும் நியான் டெட்ரா இரண்டு, நீளக் கோடு போட்ட சீப்ரா இரண்டு, புலி வரியுடன் டைகர் பார்ப் இரண்டு, ரோஜா நிறத்தில் விடோ டெட்ரா இரண்டு, உள்ளங்கை அகலத்தில் ஏஞ்சல் இரண்டு. "ஜோடி ஜோடியாக இருந்தால்தான் சார் அழகு" என்றாராம் கடைக்காரர்.

மூன்றாவது வாரம் நான் போனபோது நியான் இரண்டையும் காணோம். ஓர் ஏஞ்சல், கந்தல் துணி கட்டிக்கொண்டாற்போல் துடுப்பெல்லாம் கிழிந்து மூலையில் நின்றது. சீப்ரா ஒன்று வெளியே குதித்து அலமாரிக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்ததாம். தொட்டிக்கு மூடி இல்லை. மருமான் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் கண்ணாடியைத் தட்டினேன். அதனாலேதான் செத்துப் போச்சா, அத்தை?" என்று கேட்டான். கேட்டதுமே அழுகை.

"இந்தப் பாவம் நமக்கு எதற்கு? தொட்டியைப் பரணில் ஏற்றச் சொல்லு உன் அண்ணாவை" என்றாள் மன்னி.

கண்ணாடியைத் தட்டக்கூடாதுதான். ஆனால் குற்றவாளி குழந்தை அல்ல. ஏஞ்சல் பார்வைக்குச் சாது. இருந்தாலும் வாய்க்குள் அடங்குகிற எதுவும் அதற்கு ஆகாரமே. நியானோ ஓர் அங்குலம்தான் இருக்கும். ஏஞ்சலின் துடுப்பைக் கிழித்தது டைகர் பார்ப். அது அசல் வம்புக்காரன். பத்துப் பேராக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திப் பொழுதைப் போக்கிக்கொள்ளும். இரண்டே இரண்டாக விட்டால் அடுத்த குடித்தனக்காரரின் வாலைக் கடிக்கக் கிளம்பிவிடும்.

ஜோடி என்பதில்தான் கோளாறே. கூட்டமாக வாழும் மீனுக்குக் கூட்டம் வெறும் அலங்காரம் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து திரும்பும்போது யாரைப் பிடிப்பது என்று வேட்டை மீனுக்குக் கண் தடுமாறும். அதுதான் இந்தப் பொடிசுகளுக்குக் கோட்டை, கொத்தளம் எல்லாம். தனியாக விட்டால் பயந்து, நிறம் வெளுத்து, தீனி எடுக்காமல் செடி மறைவில் ஒடுங்கும். ஒரு தினுசில் ஆறுக்குக் குறையக்கூடாது. எட்டோ பத்தோ என்றால் விசேஷம். நமக்குக் கதம்பம் கட்டுகிற ஆசை. மீன் தொட்டிக்கு மல்லிகைச் சரம்தான் சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவை இழுத்துக்கொண்டு கொளத்தூருக்குப் போனேன். வண்ண மீனுக்குக் கொளத்தூர் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரிந்ததுதான். ஏஞ்சல், டைகர், விடோ ஆறையும் அங்கே ஒரு பெரியவர் ஏற்றுக்கொண்டார். விடோவைப் பார்த்துச் சிரித்தார். அதன் சொந்த நிறம் வெள்ளியும் கறுப்புமாம். ரோஜா, பச்சை எல்லாம் செயற்கையாக ஏற்றிய சாயம். சில மாதங்களில் மட்டரகச் சேலை மாதிரி வெளுத்துப் போகும். சாயம் ஏற்றும்போது மீன் படும் பாட்டை நினைத்தால் அதை வாங்கவே மனம் வராது.

"நியான் வேண்டும்" என்று அண்ணா பிடிவாதம் பிடித்தார். அது மேல் அமேசான் காட்டு ஓடைகளைச் சேர்ந்தது. 21 முதல் 25 டிகிரி வரையிலான சூடும் மென்மையான தண்ணீரும் அதற்கு இதம். நம் வீட்டுத் தொட்டி மே மாதத்தில் 30 டிகிரியைத் தாண்டும். குழாய்த் தண்ணீரோ பருப்பு வேகாத ரகம். அதன் உறவினனான கார்டினல் டெட்ரா இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். ஆனால் அதற்கும் மென்மையான தண்ணீர்தான் வேண்டும். நம் தண்ணீருக்கு ஒத்து வருகிற மீனைத் தேடுவது சுலபமா, மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவது சுலபமா, நீங்களே சொல்லுங்கள்.

சீப்ரா நம் நாட்டு மீன். வெயில், குளிர், கடினத் தண்ணீர் எதற்கும் சளைக்காது. உலகெங்கும் விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கு வளர்ப்பதும் இதைத்தான். மேல் மட்டத்தில் ஓயாமல் ஓடும். கீழ் மட்டத்துக்கு இலங்கை ஓடைகளைச் சேர்ந்த செர்ரி பார்ப். இரண்டங்குலம்கூட எட்டாது, பரம சாது. ஆண் மீன் குங்குமச் சிவப்பு. பார்ப் என்ற பெயரைக் கேட்டு மன்னி மிரண்டாள். பெயர்தான் ஒன்று, குணம் வேறு. மாடிக்காரருக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும் சண்டை வராது. ஆக, எட்டு சீப்ரா, ஏழு செர்ரி. தொட்டி கொள்வதே 56 லிட்டர். அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது.

உடனே வாங்கவில்லை. புதுத் தண்ணீரில் மீனின் கழிவு அம்மோனியா என்ற விஷமாகும். அதைப் படிப்படியாக மாற்றித் தீங்கைக் குறைக்கும் நல்ல கிருமிகள் பில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டியின் பில்டர் பஞ்சில் ஒரு துண்டு போட்டால் சீக்கிரம் கைகூடும். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். மீனை விடுமுன்பே இதைச் செய்வது உத்தமம். நாங்கள் மூடி போட்டு, பெரியவர் கொடுத்த பஞ்சையும் வைத்து, மேலும் மூன்று வாரம் காத்திருந்தோம். மிச்சமிருந்த ஒற்றைச் சீப்ரா பாவம், அத்தனை நாளும் பில்டருக்குப் பின்னாலேயே ஒளிந்திருந்தது.

ஏழு பேர் வந்து சேர்ந்த அன்று நானும் இருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஒற்றையும் வெளியே வந்து அவர்களோடு வரிசையில் ஓடியது. எது பழையது, எது புதியது என்று தெரியவில்லை. மருமான் மட்டும் தனக்குத் தெரியும் என்கிறான். இன்னொரு மூன்று வாரம் கழித்து செர்ரியும் வந்தது. பரண் பேச்சை மன்னி விட்டுவிட்டாள். மாலைக் காப்பியைத் தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் குடிக்கிறாள்.

மருமான் தினம் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் எண்ணுகிறான். ஒரு நிமிஷம் நிற்காத சீப்ராவை எப்படி எண்ணுவது? முந்தாநாள் பதினொன்று இருந்ததாம். நேற்று ஏழாம். "சரியா எண்ணிப் பாருடா" என்று மன்னி அதட்ட, பஸ் போய்விட்டது.