எலி வளையில் தீபாலங்காரம்

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் ஜில்லாவில், கடலோரமாக ஒரு சின்னஞ் சிறு ஊர் இருக்கிறது. அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'எலி வளை' என்று அர்த்தமாகும். அப்படியே உச்சரித்தால், நீங்கள் அசலூர் என்பதை ஊரார் அந்தக் கணமே கண்டு கொள்வார்கள். 'மௌஸல்' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பாஷையில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்பது நேயர்கள் பள்ளிக்கூடத்திலேயே பட்டு அறிந்த விஷயமாகையால், இதைப் பற்றி அதிகம் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

ஊரைப் பார்த்தால் பெயர் பொருத்தந்தான் என்று தோன்றும். பென்ஸான்ஸ் பட்டணத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே சுமார் மூன்று மைல் போனால், இரண்டு கல்லணைகள் கைகளை வளைத்துக் கட்டிக் கொண்டாற் போன்ற ஒரு சிறு துறைமுகம் காணப்படும். அதைச் சுற்றிக் கருங்கல் வீடுகள் ஒன்றன் தோள் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. சந்துகளோ, எதிரே ஒரு மோட்டார் வந்தால் இரண்டு வண்டிக்காரர்களின் பொறுமையையும் பரீட்சை செய்யக் கூடியவை. குளிர் காலத்தில் புயல் அதிகமானபடியால், துறைமுகத்தின் வாயிலையே பெரிய மரக் கட்டைகளை அடுக்கி அடைத்து விடுகிறார்கள். கடலுக்குக் கதவு போட்டுத் தாழிட்ட ஊர் என்று சொல்லலாம்.

இந்த ஊருக்குச் சரித்திரமும் உண்டு. 1595-ஆம் வருஷம் ஸ்பெயின் தேசத்தார் கப்பலில் வந்து இதைக் கொளுத்தினார்கள். ஒரே ஒரு வீடுதான் தப்பியது என்று சொல்வது வழக்கம். கார்னிஷ் பாஷையைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசி மனுஷி என்று பெயர் பெற்ற டாலி பென்ட்ரீத் என்னும் மீன்காரக் கிழவியும் இவ்வூரில்தான் வாழ்ந்தாள். அவள் இறந்தது 1777-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில்.

ஆனால், இப்போது டிஸம்பரில் ஆயிரக் கணக்கான ஜனங்கள் இந்த வளையைத் தேடிக் கொண்டு வருவதற்குக் காரணம் சரித்திரம் அன்று, விளக்குகள்.

அந்த நாட்டில் டிஸம்பர் மாதத்துச் சூரியன் வேலைக்கு மட்டம் போடும் குமாஸ்தாவைப் போன்றவன். மாலை நாலரை மணிக்கெல்லாம் போய் விடுகிறான். இருட்டியதும் மௌஸல் துறைமுகத்தில் வர்ண விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. வீட்டு முகப்புகளிலும் கல்லணைகளிலும் மட்டுமல்ல, தண்ணீருக்கு மேலேயும் விளக்குகள். நீரிலிருந்து தலை தூக்கி வளைந்து வளைந்து போகும் கடற் பாம்பு ஒன்று, படகுகள், மீன்கள். மேலே எரிவதெல்லாம் கீழே நீரிலும் எரிகிறது. காற்று அடிக்கும்போது கீழே இருப்பவை மட்டும் உடைந்து, பிறகு கூடிக் கொள்கின்றன. லண்டன் கடைத் தெருக்களில் இதைப் போல நூறு மடங்கு மின்சாரம் எரியலாம். ஆனால், அங்கே விளக்கு எரிவது சாமான் விற்பதற்கு. இங்கே அது எதற்காக எரிகிறது என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயம்.

1963-ஆம் வருஷத்தில் ஜோன் கில்கிரெஸ்ட் என்ற ஓவியப் பெண்மணி துறைமுகத்தில் சில விளக்குகளைக் கட்டி வைத்தார். அதைப் பார்த்து ஊரார் மேலும் சில கட்டினார்கள். வருஷா வருஷம் அது வளர்ந்தது. இன்றைக்கும் இதைச் செய்கிறவர்கள் சம்பளம் வாங்கும் சிப்பந்திகள் அல்லர். ஊர்க்காரர்களே கம்பியை வளைத்து உருவம் செய்கிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், ஏணி வைத்து ஏறிக் கட்டுகிறார்கள். உப்புக் காற்று வருஷந்தோறும் அவற்றை அரித்து விடுகிறது. புயல் சிலவற்றைப் பிய்த்து எறிகிறது. மறுபடியும் செய்கிறார்கள். பணம், பார்க்க வருகிறவர்கள் உண்டியலில் போடும் காசு. இம்மாதிரி ஊர்க் காரியங்களில் ஏணியைப் பிடிக்கும் ஆட்களைவிட ஆலோசனை சொல்லும் ஆட்களே அதிகம் என்பதை அறிந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

டிஸம்பர் 23-ஆந் தேதி இவ்வூருக்கென்றே ஒரு தனிப் பண்டிகை உண்டு. முன்னொரு காலத்தில் புயல் ஓயாமல் அடித்து, மீனின்றி ஊர் பட்டினி கிடந்ததாம். அப்போது டாம் பாகாக் என்பவன் துணிந்து கடலுக்குப் போய், ஏழு வகை மீன் கொண்டு வந்து ஊரைக் காப்பாற்றினானாம். அதன் ஞாபகார்த்தமாக, மீன் தலைகள் மேல் மாவை மீறி ஆகாசத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும்படி ஒரு பணியாரம் செய்கிறார்கள். அதற்கு 'நட்சத்திரம் பார்க்கும் பணியாரம்' என்று பெயர். சைவ நேயர்கள் பெயரோடு திருப்தியடைவார்களாக. குழந்தைகள் கையால் செய்த காகித விளக்குகளை ஏந்தி ஊர்வலம் வருவார்கள்.

டாம் பாகாக் கதையில் புயலில் போனவன் திரும்பி வந்தான். கதையல்லாத ஒரு சம்பவத்தில் அவ்வாறு நடக்கவில்லை.

அது 1981-ஆம் வருஷம் டிஸம்பர் 19-ஆந் தேதி, சனிக்கிழமை. ஹாலந்திலிருந்து அயர்லாந்துக்கு உரம் ஏற்றிக் கொண்டு, தன் முதல் யாத்திரையில் வந்து கொண்டிருந்தது 'யூனியன் ஸ்டார்' என்ற சிறு சரக்குக் கப்பல். எண்ணெயில் கடல் நீர் கலந்து இயந்திரம் நின்று விட்டது. கப்பலில் எட்டுப் பேர். தலைவரின் மனைவியும் இரண்டு பெண்களும் அதில் அடக்கம். 50, 60 அடி உயரம் அலை எழும்பியது. ஹெலிகாப்டர் வந்து எவ்வளவோ முயன்றும், காற்றின் வேகத்தில் ஒருவரைக்கூடத் தூக்க முடியவில்லை.

மௌஸலுக்கு அருகில் பென்லீ முனையில் உயிர் காக்கும் படகு நிலையம் ஒன்று இருந்தது. 1824-இல் ஏற்பட்ட தேசீயப் படகு ஸ்தாபனத்தைச் சேர்ந்தது அது. அதிலும் படகோட்டிகள் தொண்டர்களே. மீன் பிடிப்பவர், டெலிபோன் வேலை செய்பவர், துறைமுகத்தருகே உள்ள 'கப்பல்' என்ற விடுதியை நடத்தியவர் – இப்படிப்பட்டவர்கள். தண்டேல் டிரெவெல்யன் ரிச்சர்ட்ஸுக்கு வயது 56. கூப்பிட்டவுடன் தேவைக்கு அதிகமாகவே ஆட்கள் வந்து நின்றார்கள். ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார். தகப்பனார் படகில் ஏறியிருக்க, மகனும் ஏற வந்தபோது, இப்பேர்ப்பட்ட இரவில் ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேர் கூடாது என்று அவனைக் கரையில் நிறுத்தி விட்டார். என்ன நேரக் கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் போனார்.

'ஸாலமன் பிரௌன்' என்னும் அந்த 47 அடி மரப் படகு இரவு 8 மணி 12 நிமிஷத்துக்குக் கடலில் இறங்கியது. மறுபடி மறுபடி கப்பலை அண்டியது. ஒரு சமயம் அலை அதைத் தூக்கிக் கப்பலின் மேல் தளத்திலேயே போட்டது. சறுக்கிக் கடலில் விழுந்து, மீண்டும் கப்பலிடம் வந்தது. நாலு பேரை ஏற்றிக் கொண்டு விட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எட்டுத் தொண்டர்கள், கப்பலில் இருந்த எட்டுப் பேர், ஆகப் பதினாறு பேரும் மாண்டார்கள். சிலருடைய உடல்கள் கரை சேரவே இல்லை.

அன்று துறைமுகத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏற்றிச் சில நாட்களே ஆகியிருந்தன. அவற்றை ஏற்றி வைத்தவர், அந்தப் படகில் போன விடுதிக்காரரேதான்.

துக்கம் நேர்ந்த வீட்டில் அவ்வருஷம் பண்டிகை இல்லை என்பது நமது வழக்கம். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அண்டை அயலார் கொண்டு வந்து கொடுக்கும் பலகாரந்தான். மௌஸலிலோ துக்கம் ஒரு வீட்டில் அல்ல, ஊர் முழுவதிலும். ஆகவே விளக்குகளை அமர்த்தி விட்டார்கள். பிறகு அவை மீண்டும் ஏற்றப்பட்டன. ஏற்றச் சொன்னவர் யார் தெரியுமா? விடுதிக்காரரின் மனைவி. தம் கணவர் இருந்திருந்தால் விளக்குகள் எரிவதையே விரும்பியிருப்பார் என்று அந்த அம்மாள் சொன்னார். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஊர் கேட்டிராது. அவர் சொன்ன பிறகு மறுக்கவும் யாருக்கும் வாய் எழவில்லை.

இன்னும் ஒரு செய்தி. படகு போன மறுநாளே, புதிய படகுக்கு வேண்டிய ஆட்கள் தாமாக வந்து பெயர் கொடுத்து விட்டார்கள். தண்டேலுக்குப் பொற்பதக்கமும், மற்ற எழுவருக்கும் வெண்கலப் பதக்கமும் அளிக்கப்பட்டன. ஜனங்கள் அனுப்பிய நிதி முப்பது லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. பதக்கமும் பணமும் நல்லவையே. ஆனால், பெயர் கொடுக்க வந்தவர்களின் காரியத்துக்கும், விளக்கை ஏற்றச் சொன்ன அம்மாளின் வார்த்தைக்கும் அவை ஈடாக மாட்டா. போனவர்களுக்காகத் தாங்களும் இருளில் உட்கார்ந்து விடுவது ஒரு வகை மரியாதை. அவர்கள் விட்டுப் போன வேலையை எடுத்துச் செய்வது இன்னொரு வகை. மௌஸல்காரர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். முதலாவதையும் மறந்து விடவில்லை. அதற்கென்று வருஷத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆகையால், கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பக்கம் போகும் பாக்கியம் நேயர்களில் யாருக்கேனும் கிடைத்தால், கனத்த கம்பளிச் சட்டையும், உண்டியலில் போடக் கொஞ்சம் சில்லறையும் எடுத்துச் செல்லுங்கள். மோட்டாரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி விட்டு நடந்து போங்கள். நீங்கள் போகும் தினம் டிஸம்பர் 19-ஆந் தேதியாக இருந்தால், இரவு எட்டு மணிக்குக் கடற் பாம்பும் படகுகளும் திடீரென்று மறைந்து, ஒரு சிலுவையும் தேவ தூதர் உருவங்களும் மட்டும் எரியும். மின்சாரக் கோளாறு என்று எண்ணித் திரும்பி விட வேண்டாம். குளிராய் இருந்தாலும் ஒன்பது மணி வரை அங்கேயே நில்லுங்கள். மறுபடி ஏற்றுவார்கள்.