பழங்கீதமும் புதிய பாடகர் குழுவும்: சொல்லை விட்டு இசையை மட்டும் எடுக்கலாமா?



ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய வழிபாட்டுப் பாட்டு ஒன்றை எடுத்து, இக்காலப் பாடகர் குழுவிற்கேற்பப் பல குரல்களில் அமைத்துப் பாடுவது முறையா? அது பழமையைக் காப்பதாகுமா, அன்றிக் கெடுப்பதாகுமா? மேலைநாட்டுத் திருச்சபை இசையில் நாட்டமுடையோர் பலர் இவ்வினாவை எழுப்புகின்றனர். இதுபற்றி என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் மன்றாட்டுகளைப் பக்க இசையின்றி, அனைவரும் ஒரே குரலாகப் பாடும் பழைய முறையே கிரெகோரியன் கீதம். கி.பி. 604இல் மறைந்த திருத்தந்தை முதலாம் கிரெகோரியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. எனினும், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பிராங்கிய அரசில்தான் அது இன்றைய வடிவத்தைப் பெற்றது என்பர் ஆய்வாளர். முதலில் வாய்வழியாகவே கற்பிக்கப்பட்டது. 9ஆம் நூற்றாண்டு முதல் சொற்களுக்கு மேலே சிறு குறிகள் இடப்பட்டன. 11ஆம் நூற்றாண்டில் அரெச்சோ நகரத்துக் குயிதோ கோடுகளின்மேல் சுரங்களை எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

இக்கீதத்தைத் தாளம் தட்டி எண்ணிப் பாடுவதில்லை. சொல்லின் அசையும் சொற்றொடரின் ஓட்டமுமே அதன் நடையைத் தீர்மானிக்கின்றன. இதுதான் அதன் உயிர்.

நம் வகுப்பறைகளிலும் இதற்கு நிகரான ஒன்றைக் காண்கிறோம். மாணவர்கள் செய்யுளை வாய்பாடு ஒப்புவிப்பதுபோல் ஒரே சீராக ஒப்புவிக்கும்போது, ஓசை நிற்கும், பொருள் ஓடிவிடும். பிழையின்றிச் சொல்லியிருப்பார்கள். ஆயினும் செய்யுள் அங்கே இராது.

பழங்கீதத்தைப் புதிய இசையில் பயன்படுத்துவதே தவறு என்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்பழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தைச் சார்ந்த பெரோத்தன், கீதத்தின் ஒவ்வோர் ஒலியையும் மிக நீளமாக இழுத்து அடித்தளமாக்கி, அதன்மேல் மூன்று குரல்களைத் துள்ளி ஓடவிட்டார். 'அவரே சொல்லின் ஓட்டத்தைக் கலைத்துவிட்டாரே!' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால், அன்று பாடியவர்களுக்கு அக்கீதம் மனப்பாடம். எதை நீட்டுகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று பாடுவோரிலும் கேட்போரிலும் மூலத்தை அறிந்தவர் மிகச் சிலரே. எனவே இன்றைய இசையமைப்பாளருக்குப் பொறுப்பு கூடுதல்.

அப்பொறுப்பை உணர்ந்து செய்தவர் பிரெஞ்சு இசையறிஞர் மோரிஸ் துருஃப்ளே (1902 - 1986). சிறுவயதில் ரூவான் பேராலயப் பாடற்பள்ளியில் பயின்று, கிரெகோரியன் கீதத்திலேயே வளர்ந்தவர். 1833இல் மீண்டும் நிறுவப்பட்ட சொலேம் துறவுமடத்தார், பழஞ்சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து இக்கீதங்களை மீட்டெடுத்தனர். அவர்கள் வகுத்த நடை, ஒலிகளை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூட்டிச் செல்வது. துருஃப்ளே அதனைப் பின்பற்றினார்.

1947இல் அவர் எழுதி முடித்த 'ரெக்குவியம்', இறந்தோர்க்கான திருப்பலியின் பழங்கீதங்களை அடிப்படையாகக் கொண்டது. அதன் தொடக்கத்தில் ஆண்குரல்கள் கீதத்தைப் பாட, பெண்குரல்கள் சொல்லின்றி மேலே இழைகின்றன. சொல் நீண்டால் அளவு நீள்கிறது. சொல் குறுகினால் அளவும் குறுகுகிறது. கீதம் தாளத்திற்கு அடங்கவில்லை, தாளமே கீதத்திற்கு அடங்குகிறது! 1960இல் அவர் வெளியிட்ட நான்கு சிறு பாடல்களுள் முதலாவதான 'உபி காரிதாஸ்' இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கிற்குரிய கீதம் அது. பக்க இசை இல்லை, ஆரவாரம் இல்லை. உடன்வரும் குரல்கள் அக்கீதத்தைத் தாங்குகின்றனவேயன்றி அமுக்கவில்லை.

வேறொரு வழியில் சென்றவர் எஸ்தோனிய நாட்டின் ஆர்வோ பார்ட் (பிறப்பு 1935). 1968க்குப் பின் சில ஆண்டுகள் பெரும்பாலும் புதிதாக எழுதாமல், கிரெகோரியன் கீதத்தையும் பழைய பல்குரல் இசையையும் கற்றார். 1976இல் மணியோசையை நினைவூட்டும் தமக்கேயுரிய நடையோடு திரும்பினார். 1982இல் முடித்த 'பாஸியோ'வில் அவர் பழங்கீதத்தை அப்படியே எடுத்தாளவில்லை. ஆனால், காற்புள்ளிக்கு எவ்வளவு நிறுத்தம், முற்றுப்புள்ளிக்கு எவ்வளவு என்று நிறுத்தற்குறிகளைக்கொண்டே ஒலியின் நீளத்தை அமைத்தார். இசையை எடுக்காமல் அதன் ஒழுக்கத்தை எடுத்துக்கொண்டார் எனலாம்.

இவ்விருவரும் சொல்லுக்குப் பணிந்தார்கள். அதனால்தான் இவர்கள் இசையில் பழமை அணிகலனாகத் தொங்காமல் மூச்சாக இயங்குகிறது.

இதற்கு மாறான போக்கும் உண்டு. 1990இல் 'எனிக்மா' என்னும் குழு, கிரெகோரியன் கீதத்தின் ஒலிப்பதிவு ஒன்றை மேளத் தாளத்தோடு இணைத்து வெளியிட்ட பாடல் பல நாடுகளில் புகழ்பெற்றது. 1994இல் ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவியர் பாடிய பழைய பதிவுகள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்றன. துறவியர் பாடலில் குறையேதுமில்லை. ஆனால், அது மன அழுத்தம் போக்கும் மருந்தாக விற்கப்பட்டது. இறைவனை நோக்கிய மன்றாட்டு, அறைக்கு ஊதுவத்தி வைத்தாற்போல் ஆகிவிட்டது. இன்றும் சில புதிய பாடகர் குழு இசைகளில், பொருள் விளங்காத இரண்டொரு இலத்தீன் சொற்களை எதிரொலியோடு தூவி, 'தெய்விகச் சூழல்' உண்டாக்குகிறார்கள். இதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், கிரெகோரியன் கீதமே திருச்சபை இசைக்கு உயர்ந்த முன்மாதிரி என்று அறிவித்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருவழிபாட்டில் அதற்கு முதன்மை இடம் உண்டு என்றது. அதே சங்கம் மக்கள் மொழிக்கும் வழி திறந்தது. மக்கள் தம் மொழியில் இறைவனை வழிபடுவது நல்லதே. தாய்மொழியைக் கற்பிக்கும் நான் அதை மறுப்பேனா? ஆயினும், அதன்பின் பெரும்பாலான பங்குகளில் பழங்கீதம் ஒலிப்பது அருகிவிட்டது. பலருக்கு இன்று அது முதன்முதலாக அறிமுகமாவது இசையரங்கில்தான். அங்கும் அது வெறும் ஒலியாகிவிட்டால், மன்றாட்டாக அதனை அறிவோர் யார் மிஞ்சுவர்?

எனவே, பாடகர் குழுக்களை நடத்துவோர்க்கு என் பரிந்துரைகள் இரண்டு.

ஒன்று: துருஃப்ளேயின் பாடலைப் பயிற்றுமுன், அதன் மூலக்கீதத்தை அனைவரும் ஒரே குரலில், பக்க இசையின்றிப் பாடிப் பழகட்டும். இலத்தீன் சொற்களைப் பொருளறிந்து முதலில் வாசிக்கட்டும்.

இரண்டு: அரங்கேற்றத்தின்போது அம்மூலக்கீதத்தையே முதலில் பாடிவிட்டு, அதன்பின் புதிய இசையைப் பாடட்டும். கேட்போர் கையில் பொருளும் இருக்கட்டும். எந்த வேரிலிருந்து எந்தக் கிளை வந்தது என்பதை அவர்கள் செவியே சொல்லிவிடும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சில நிமிடங்களும் சிறிது பணிவும் போதும். பழையதைப் புதுக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால், அதை முதலில் கற்றுக்கொள்ளும் கடமையும் உடன் உண்டு என்பதே என் துணிபு.

உங்கள் கருத்து மாறுபடுமாயின் தயங்காமல் எழுதுங்கள். சேர்ந்து சிந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்