மாயையா, மூச்சா?

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. அப்பாவும் நானும் வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அதே சாலையில் நடந்துகொண்டிருந்தோம். மகேன் அபோத் யூத வழிபாட்டுத்தலத்தைப் பார்த்ததும் அப்பா நின்றார்.

“இது எத்தனை வருஷமாம்மா இருக்கு?”

“1878லேருந்துப்பா.”

“கட்டடம் நிக்குது. நான் 32 வருஷம் கப்பல் பட்டறையில வெல்டிங் செஞ்சேன். அந்தக் கப்பலெல்லாம் இப்ப எங்க இருக்கோ? என்னத்தச் செஞ்சேன்னு காட்ட ஒண்ணுமில்ல.”

ஓய்வுபெற்றதிலிருந்து அவர் அடிக்கடி இப்படிப் பேசுகிறார். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரிவதில்லை.

ரயிலில் கிளமெண்டிக்குத் திரும்பும்போது ஒரு பழைய யூத நூல் நினைவுக்கு வந்தது. எபிரேயத்தில் அதன் பெயர் ‘கோஹெலெத்’. தமிழ் பைபிளில் ‘பிரசங்கி’. சாலமோன் மன்னர் எழுதியது என்பது மரபு. அப்பாவின் கேள்விதான் அதிலும். வீடுகள் கட்டி, தோட்டங்கள் போட்டு, செல்வம் சேர்த்த ஒருவர், கடைசியில் எல்லாமே ‘ஹெவெல்’ என்கிறார்.

தமிழில் இதை ‘மாயை’ என்று மொழிபெயர்த்தார்கள். ஆனால், ஹெவெல் என்றால் மூச்சு, ஆவி. மாயை என்றதும் பொய்த்தோற்றம் என்று நினைக்கிறோம். மூச்சு பொய்யல்ல. பிடித்துவைக்க முடியாது, அவ்வளவுதான்.

நம் திருக்குறளில் ‘நிலையாமை’ அதிகாரம் துறவறவியலில் வருகிறது. கோஹெலெத்தோ நிலையாமையைச் சொல்லிவிட்டு, சாப்பிடு, குடி, செய்யும் வேலையில் மகிழ்ச்சி கொள் என்கிறது. புரட்டாசியை ஒட்டி வரும் சுக்கோத் திருநாளில் யூதர்கள் வீட்டுக்கு வெளியே தற்காலிகக் குடில் போட்டு, தழைக்கூரையின் கீழ் ஏழு நாள்கள் விருந்துண்பார்கள். யூதர்களில் பலர் இந்த நூலை வாசிப்பது அந்த மகிழ்ச்சியான நாள்களில்தான்.

கிளமெண்டி காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் இதை அப்பாவிடம் சொன்னேன்.

“நான் வானொலியில பேசுறதும் அப்படித்தாம்பா. பேசி முடிச்சதும் காத்தோட போயிடுது. ஆனா, அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் சிரிச்சிருப்பாங்க. நீங்க வெல்டிங் வச்ச கப்பல்ல எத்தனை பேர் பத்திரமா கரை சேர்ந்திருப்பாங்க!”

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒரு வெல்டிங் கதையைத் தொடங்கினார். புயலில் அடிபட்டு வந்த கப்பல், மூன்று இரவு வேலை, கூட இருந்த மலாய் நண்பர்... ஓராண்டில் முதன்முறையாகக் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

என் கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“கதை இருக்கட்டும். சூடா இருக்கும்போதே குடிம்மா” என்றார்.